நட்சத்திரத்துக்குக் கீழே ஒரு அவரைக்கொடி

என் அக்கா ஆஞ்சலா என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், அவரைக்காயில் ஆராய்ச்சி செய்கிறாள் என்பேன். உடனே கேட்டவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அவரைக்காயில் ஆராய என்ன இருக்கிறது, உரித்தோமா, பிதுக்கினோமா, குழம்பில் போட்டோமா என்று போக வேண்டியதுதானே என்பார்கள். குளிர்காலம் வந்தால் தெருவுக்குத் தெரு அவரைக்காயைக் குவித்து விற்கிற பெங்களூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பவர்களிடம் எனக்குப் பேச்சு வராது, கோபம்தான் வரும். ஆஞ்சலா மட்டும் நின்று நிதானமாக விளக்குவாள். அந்த நிதானம் எங்கள் வீட்டில் அவளுக்கும் டாடிக்கும் கிடைத்தது. எனக்குப் பங்கு வரவில்லை.

அவள் விளக்குவது இதுதான். காட்டில் ஒரு அவரை இருக்கிறது. அதன் காய் முற்றிக் காய்ந்ததும் வெயிலில் முறுக்கிக்கொண்டு டப்பென்று வெடிக்கும், விதைகள் நாலாபுறமும் தெறித்து ஓடிவிடும். நம் வீட்டு அவரை அப்படிச் செய்யாது. நாம் வந்து உரிக்கும்வரை சமர்த்தாகக் காத்திருக்கும். காட்டில் ஓடிக்கொண்டிருந்தது எப்போது, எப்படி நம் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தது? என்றைக்கோ ஒருநாள் வெடிக்காத ஒரு கொடியை யாரோ பார்த்து, அதன் விதையை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போயிருக்க வேண்டும். செடியின் உடம்புக்குள் எது மாறியதால் அது வெடிக்காமல் போனது என்பதுதான் என் அக்காவின் கேள்வி. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அவள் இந்தக் கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது என் புகார்.

எங்கள் வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில். டாடி பெர்னார்ட் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மம்மி நர்ஸ். நான் சின்னவள், பெயர் பெட்டி, ஆஸ்டின் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மம்மி இருந்தவரை டிசம்பர் மாதம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மூங்கில் குச்சியைக் கட்டி, சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி, டாடி தன் கையாலேயே நட்சத்திரம் செய்வார். உள்ளே அறுபது வாட்ஸ் பல்பு. அதைக் கேட்டுக்கு மேலே வளைவில் தொங்கவிடுவார். மம்மி மாலை ஷிஃப்ட் முடித்து பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருமுனை திரும்பினால் முதலில் தெரிவது அந்த நட்சத்திரம்தான். அதைப் பார்த்ததும் கால்வலி பாதி போய்விடும் என்று மம்மி சொல்லுவாள். அவள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றியதும் டாடி சுவிட்சை அணைப்பார். "எல்லாரும் வந்தாச்சு" என்பார். தினமும் அதே வார்த்தை. எங்களுக்கு அது ஜெபம் முடிந்து ஆமென் சொல்வது மாதிரி காதில் பழகிப்போயிருந்தது.

தொண்ணூறாம் வருடம் ஜனவரி கடைசியில் மம்மி இறந்துபோனாள். அதற்குப் பிறகு டாடி நட்சத்திரத்தை டிசம்பர்வரை தள்ளிப்போடவில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாளன்று கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மம்மி கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்த கையோடு தொங்கவிட்டுவிடுவார். ஜனவரியில் அவள் நினைவு நாள் வரை அது எரியும். ராத்திரி முழுக்க எரியும். அணைப்பதே இல்லை. யார் வந்ததும் அணைப்பது? பெர்னார்ட் வீட்டில் கிறிஸ்துமஸ் மூன்று மாதம் என்று தெருவில் கேலி செய்தார்கள். நாங்கள் இரண்டு பெண்களும் அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஆஞ்சலாவுக்குப் பெரிய சோதனை. காட்டு அவரையின் மகரந்தத்தை வீட்டு அவரைப் பூவில் வைத்துக் கலப்பு செய்திருந்தாள். விடியற்காலையில் மொட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளைச் சின்ன இடுக்கியால் எடுத்துப்போட்டுவிட்டுச் செய்கிற வேலை. பத்துப் பூவில் ஒன்பது உதிர்ந்துவிடும். அப்படியும் கொஞ்சம் விதை தேறி, ஆராய்ச்சி நிலையத்தில் நாற்றுகளாக நின்றன. ஒருநாள் போர்வெல் போட வந்த லாரி பின்பக்கமாக வந்து அந்தப் பாத்தியின்மேல் ஏறி இறங்கிவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "ஹுல்லு தானே மேடம்" என்றானாம். புல்லாம். நானாக இருந்தால் அவனை அங்கேயே உட்காரவைத்து மரபியல் பாடம் நடத்தியிருப்பேன். ஆஞ்சலாவோ, நிழல்வலைக்குள் பெயிண்ட் டப்பாவில் தனியாக இருந்த ஒரே ஒரு நாற்றை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எங்கள் வாசலில் நாள் முழுக்க வெயில் விழுகிற இடம் கேட் ஓரம் மட்டும்தான். டப்பாவை அங்கே வைத்தாள். கொடி அவரைக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அக்டோபருக்குள் வேர் டப்பாவின் அடியைத் துளைத்துத் தரைக்குள் போய்விட்டது. கொடி கேட் கம்பியெல்லாம் சுற்றி, தூணில் ஏறி, வளைவையே மூடிவிட்டது. கேட்டின் ஒரு கதவைத் திறக்கவே முடியாது. பால்காரர் உடம்பைக் குறுக்கிக்கொண்டு வருவார். நகர்த்தலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை, நகர்த்தினால் செத்துவிடும்.

அந்த ஒரு கொடி பூத்து, காய்த்து, விதை கொடுக்க வேண்டும். அந்த விதைகளை விதைத்தால்தான் அடுத்த தலைமுறையில் எது வெடிக்கிறது, எது வெடிக்காமல் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியும். அவள் ஆராய்ச்சி முழுவதும் அந்தக் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டு அவரையான அதன் தாய் அக்டோபரில் பூத்தது. காட்டு அவரையான அதன் தகப்பன் நவம்பரில் பூத்தது. பிள்ளை மட்டும் டிசம்பர் வந்தும் இலை, இலை, இலை. ஒரு மொட்டு கிடையாது.

அவளுடைய பிஎச்.டி. கைடு சீனிவாசராகவன் ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கே வந்து பார்த்தார். நல்ல மனிதர். கொடியைச் சுற்றிச் சுற்றி வந்தார், மண்ணைக் கிள்ளிப் பார்த்தார், நான் கொடுத்த காப்பியைக் குடித்தார்.

"ரொம்பச் செழிப்பா இருக்கு. உரம் ஏதாவது போட்டியாம்மா?"

"இல்ல சார்."

"ஏப்ரலுக்குள்ள விதை கைக்கு வரலன்னா தலைப்ப மாத்திக்கலாம். உன் ஃபெலோஷிப் முடியறதுக்குள்ள வேற எதாவது செஞ்சு முடிச்சுடலாம். தப்பில்ல. நெறைய பேருக்கு நடந்திருக்கு."

"சரி சார்" என்றாள். அவர் போன பிறகு அவள் கேட் ஓரமாகப் போய்க் கொடியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். ஆறு வருட ஆசை அது.

மறுநாள் மாலை பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருமுனை திரும்பியவள் அங்கேயே நின்றுவிட்டாள். நான் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். என்ன ஆயிற்றோ என்று பக்கத்தில் போனேன்.

"பெட்டி, அங்க பாரு."

பார்த்தேன். எங்கள் வீடு. இருட்டில் நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் அவரைக்கொடி, ஒவ்வொரு இலையும் எண்ணிவிடலாம் போலத் துல்லியமாகத் தெரிந்தது.

"என்னா பாக்கச் சொல்ற? டாடி நட்சத்திரம்."

"அதான். அந்தக் கொடிக்கு ராத்திரியே வரல பெட்டி."

அவரை, ராத்திரி நீளும்போது பூக்கிற செடி. இருட்டு எத்தனை நேரம் என்று அது தனக்குள் கணக்கு வைத்திருக்கிறது. குளிர்காலத்தில் இருட்டு நீண்டால் பூக்க வேளை வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளும். நடுவில் கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் அதன் கணக்கு கலைந்துவிடும், இன்னும் கோடை என்று நினைத்துக்கொண்டு இலையாக விட்டுக்கொண்டே போகும். இதைத்தான் ஆஞ்சலா நிலையத்துக்கு வரும் மாணவர்களுக்குக் கரும்பலகையில் படம் போட்டு நடத்துவாள். நிலையத்தில் யாராவது பாத்திப் பக்கம் டியூப்லைட் போட்டுவிட்டால் அவள்தான் முதலில் போய் அணைப்பாள். கேட்டில் எரிவது விளக்கு என்றே அவளுக்கு இத்தனை நாளும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியதில்லை. எங்களுக்கு அது மம்மி.

"போய் டாடிகிட்ட சொல்லு. அணைச்சிடுவாரு" என்றேன்.

"மாட்டேன். அத கேக்க எனக்கு வாய் வராது. நீயும் சொல்லக் கூடாது."

"அப்ப உன் விதை?"

"வேற வழி பாக்கறேன்."

அவள் பார்த்த வழி, பழைய கறுப்புத் திரைச்சீலை. இருட்டும் நேரத்தில் டாடிக்குத் தெரியாமல் கொடிமேல் அதைப் போர்த்திவிட்டு உள்ளே வருவாள். சாப்பிட்டதும் நட்சத்திரம் சரியாக எரிகிறதா என்று பார்க்க டாடி வெளியே போவார். யார் வீட்டுத் துணியோ காற்றில் பறந்து வந்து விழுந்திருக்கிறது என்று எடுத்து, உதறி, அழகாக மடிப்பார். அது எங்கள் ஹாலில் வருடக்கணக்காகத் தொங்கிய திரைச்சீலை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு சாந்தகுமாரி அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அந்த அக்காவும் தங்கமானவள், கேள்வி கேட்காமல் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். அடுத்த நாள் ஆஞ்சலா ஒரு போர்வையைப் போட்டாள். அதுவும் சாந்தகுமாரி அக்கா வீட்டுக்குப் போயிற்று. போர்த்துவதும் உருவுவதுமாக இளந்தளிர்கள் ஒடிந்ததுதான் மிச்சம். கேட்க மாட்டேன் என்று ஒருத்தி, கவனிக்காத ஒருத்தர். இந்த நிதானசாலிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு எனக்குத் தலை வெடித்தது.

மேஜைவிரிப்பைக் காணோம் என்று தேடிய அன்று என் பொறுமை தீர்ந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டாடி, அக்கா படிப்பு போகப்போவுது. உங்க பல்பாலதான்."

"பெட்டி, சும்மா இரு" என்றாள் ஆஞ்சலா.

"இருந்தது போதும். நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். டாடி சோற்றில் கையை வைத்தபடி கேட்டார். முடித்ததும் அக்காவைப் பார்த்தார்.

"வாட்ஸ் கொறச்சா ஆகாதா? ஜீரோ பல்பு?"

"ஆகாது டாடி. அவ்ளோ பக்கத்துல சின்ன வெளிச்சம்கூடப் போதும்."

"எப்பத்திலேர்ந்து தெரியும் உனக்கு?"

"போன வாரம்."

"அப்ப அந்தத் துணியெல்லாம் நீ போட்டதா?"

"ஆமா டாடி."

"சாந்தகுமாரிகிட்ட குடுத்துட்டனே" என்றார் டாடி. ஆஞ்சலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. டாடி சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகத் தெரிந்துகொண்டிருந்த சிவப்பு வெளிச்சம் போயிற்று. உள்ளே வந்து, "மோர் இருக்கா?" என்றார்.

மறுநாள் காலையில் தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. நட்சத்திரம் அணைந்திருந்ததைப் பார்த்து டாடிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள். சாந்தகுமாரி அக்காவின் கணவர் எத்திராஜ் அண்ணன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். டாடி வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், நல்லாதான் இருக்கீங்களா? நேத்து லைட் இல்லியே, எங்களுக்கு பயமாயிடுச்சி."

"எனக்கு ஒண்ணுமில்ல எத்திராஜ். அவரை தூங்கணுமாம்" என்றார் டாடி.

எத்திராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். வயசாகிவிட்டதோ என்று கேட்கிற பார்வை. நான் விளக்கினேன். கடைசியில் அவர் தன் வீட்டு வாசல் விளக்கையும் அணைத்துவைக்கிறேன் என்றார். அது போதாமல், எதிர்வீடு, அதற்கடுத்த வீடு என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். மடித்துக் கொடுத்த துணிகளும் அன்றே திரும்பி வந்தன, துவைத்து.

அன்று மாலை ஆஞ்சலா பஸ் இறங்கி வரும்போது தெருமுனையில் டாடி நின்றுகொண்டிருந்தார். வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"இங்க என்ன டாடி பண்றீங்க?"

"உங்க மம்மி இப்டி திரும்பினா வீடு தெரியுமான்னு பாத்தேன்."

ஆஞ்சலாவுக்கு அழுகை வந்துவிட்டது. "மறுபடி போட்டுடலாம் டாடி. எனக்கு வேற தலைப்பு கெடைக்கும்" என்றாள்.

"தெரியுது" என்றார் டாடி. "ஹால் ஜன்னல்ல வெளிச்சம் வருது. நல்லாவே தெரியுது. வா."

அந்த வருடம் நட்சத்திரம் இல்லாமலே கிறிஸ்துமஸ் வந்து போனது. ஜனவரி நடுவில் ஒரு காலை ஆஞ்சலா உள்ளே வந்து என் போர்வையை இழுத்தாள். மொட்டு. வளைவெங்கும் காம்பு காம்பாக நிமிர்ந்து நின்றது. மம்மி நினைவு நாளுக்குக் கேட் முழுக்க ஊதாப் பூ. கல்லறைக்குக் கிளம்பிய டாடி கேட்டில் தயங்கி நின்றதை ஆஞ்சலா பார்த்துவிட்டாள். ஒரு பூவும் காயாக வேண்டிய பூ. அவள் யோசிக்கவேயில்லை, இருப்பதிலேயே நல்ல ஒரு கொத்தைப் பறிக்கக் கையை நீட்டினாள். டாடி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். காயாவட்டும். வழியில ரோஸ் வாங்கிக்கலாம்."

காய் முற்றியபோது அடுத்த கவலை. அந்தப் பிள்ளை தகப்பன் புத்தியோடு பிறந்திருந்தது. காய்ந்தால் வெடிக்கும். டாடி பழைய கொசுவலையை வெட்டிச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து ஒவ்வொரு கொத்துக்கும் கட்டினார். மார்ச் வெயிலில் மத்தியானங்களில் கேட்டிலிருந்து டப், டப் என்று சத்தம் வரும். ஒவ்வொரு சத்தத்துக்கும் டாடி தலையை நிமிர்த்தி, "ஒண்ணு" என்பார். ஈஸ்டருக்குள் பழைய பிஸ்கட் டின் முக்கால் பங்கு நிறைந்துவிட்டது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு என் அக்கா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சீனிவாசராகவன் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, "தலைப்பு தப்பிச்சுது" என்றார்.

அந்த விதைகளை நிலையத்தில் விதைத்தார்கள். வளர்ந்த கொடிகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று வெடிக்காமல் நின்றது. கணக்கு டீச்சராகச் சொல்கிறேன், இவ்வளவு அழகான விகிதத்தை நான் பாடப்புத்தகத்துக்கு வெளியே பார்த்ததில்லை. வெடிப்பதையும் வெடிக்காமல் இருப்பதையும் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணு பிரித்துவைக்கிறது என்று அதற்கு அர்த்தம். அவ்வளவு சின்ன மாற்றத்தில் காடு வீடாகியிருக்கிறது என்று ஆஞ்சலா சொன்னாள். லாரியை நம்ப முடியாது என்று அடுத்த மூன்று குளிர்காலமும் அவள் கேட் ஓரத்தில் சில கொடிகளைப் பாதுகாப்புக்காக வளர்த்தாள். டாடியும் அந்த மூன்று வருடமும் நட்சத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கவில்லை.

தொண்ணூற்றேழில் ஆய்வேடு முடிந்தது. பைண்ட் செய்த பிரதியை டாடி கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் நன்றிப் பக்கத்தைத்தான் தேடினார். கைடுக்கு வழிகாட்டியதற்காக, நண்பர்களுக்கு உதவியதற்காக என்று வரிசையாகப் போய்க் கடைசியில் இருந்தது: என் தந்தை பெர்னார்டுக்கு, இருட்டைத் தந்ததற்காக.

அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"படிக்கிறவன் நான் கரண்ட் பில் கட்டலன்னு நினைப்பான்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

அந்த வருடம் கேட்டில் கொடி இல்லை. கல்லறைத் திருநாளன்று கல்பள்ளியிலிருந்து திரும்பி வந்ததும் டாடி பரணில் ஏறினார். பழைய மூங்கில் அப்படியே இருந்தது, காகிதத்தை மட்டும் புதிதாக ஒட்டினார். ஆஞ்சலா அன்று கல்லறையிலிருந்து நேரே நிலையத்துக்குப் போயிருந்தாள், அவரைக்கு ஞாயிறு கிடையாது, திருநாளும் கிடையாது. இருட்டியதும் டாடி நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இனி ஜனவரிவரை ராத்திரி பகல் என்று எரியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆஞ்சலா தெருமுனை திரும்புவது எனக்கு ஜன்னலிலிருந்து தெரிந்தது. நட்சத்திரத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு வேகமாக நடந்தாள். கேட்டைத் திறந்து உள்ளே வந்து, டாடி பக்கத்தில் செருப்பைக் கழற்றினாள்.

டாடி எழுந்து போய் சுவிட்சை அணைத்தார்.

"எல்லாரும் வந்தாச்சு" என்றார்.